ஒன்று விட்டு ஒரு ஞாயிறு

மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, "டீச்சர், கொஞ்சம் வெளியே வாங்க. சாக்பீஸை வச்சுட்டு வாங்க" என்றார். சாக்பீஸை வைத்துவிட்டு வரச் சொன்னதிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது.

வராந்தாவில் ஒரு போலீஸ்காரரும், தோளில் பை மாட்டிய ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் நின்றிருந்தார்கள். பைக்காரர் கோர்ட் அமீனா. அவர் நீட்டிய காகிதம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். கோர்ட் உத்தரவை வேண்டுமென்றே மீறியதற்காக எனக்குப் பதினைந்து நாள் சிவில் சிறை.

"நான் எந்த உத்தரவை மீறினேன்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. கூட்டிக்கினு வரச் சொல்லி இருக்குது. அவ்ளோதான்."

"என்னை யாரும் விசாரிக்கவே இல்லையே."

"நோட்டீஸ் வந்துருக்கும்மா. வராம வாரண்டு போட மாட்டாங்க."

"வரலைங்க."

அவர் பையை மூடித் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். இந்த வேலையில் இருக்கிறவர் அந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ. எனக்குப் பின்னால் வகுப்பு ராகம் போட்டு ஏழேழு நாற்பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று மட்டும் இருந்தது. வழக்கு நடந்த அந்த வருஷங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் திரும்பி வருவது அந்தக் களைப்புதான்.

ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகளைத் தலைமையாசிரியையிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். போலீஸ்காரர் வடலூரிலேயே இறங்கிக்கொண்டார். அங்கே கோர்ட் இருந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் மாறி ஏறும்போது அமீனா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீங்க பின்னால குந்துங்கம்மா. நான் முன்னால குந்திக்கிறேன். தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா உங்களுக்குக் கஷ்டம். ஓடிப் போவ மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்." குள்ளஞ்சாவடியில் கூட்டம் ஏறியபோது ஒரு தடவை மட்டும் திரும்பிப் பார்த்தார். நான் இருந்தேன்.

இதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். என் கணவர் ஈரோட்டுப் பக்கம். சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டும் வேலை அவருக்கு, ஷிப்ட் மாறி மாறி வரும். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி இருந்ததால் இரண்டு முறை பக்கத்து வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். எங்களுக்குள் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அடி உதை கிடையாது. குடி கிடையாது. ஏழு வருஷத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தாலே எரிச்சல் வரும் நிலைக்கு வந்திருந்தோம். நான் மகளைக் கூட்டிக்கொண்டு, உடன் வேலை பார்த்த ஒரு டீச்சரின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குப் போய்விட்டேன். குழந்தை தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார்.

வழக்கு முடிகிற வரை குழந்தை என்னிடம் இருக்கலாம், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. உத்தரவு போட்ட அன்று எனக்குப் பள்ளியில் ஆய்வு, கோர்ட்டுக்குப் போகவில்லை. மறுநாள் என் வக்கீலின் குமாஸ்தா விவரம் சொன்னார்.

"மாசத்துல ரெண்டு ஞாயிறும்மா. மொத ஞாயிறு, மூணாவது ஞாயிறு. காலையில பத்து மணிக்குப் பார்க் வாசல்ல கொண்டுபோய் விடணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்கேயே வாங்கிக்கணும்."

உத்தரவின் நகல் பிறகு கைக்கு வந்தது. டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன். நானும் படித்தவள்தான். ஆனால் எடுத்துப் படிக்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முதல் சில மாதங்கள் சரியாகப் போயின. பார்க் வாசலில் நான் வலது பக்கம் நிற்பேன். அவர் சைக்கிளை இடது பக்கம் நிறுத்துவார். குழந்தை நடுவில் இருக்கும் இருபதடி தூரத்தைத் தனியாக நடந்து போகும். நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். சில நாள் அவர் இரவு ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு நேராக வந்திருப்பார். கண் சிவந்திருக்கும், காதோரம் கரித்தூள் ஒட்டியிருக்கும்.

பிறகு ஒரு மாதம், முதல் ஞாயிறு நான் போய் நின்றேன். அவர் வரவில்லை. பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. மகளுக்கு ரிப்பன் அவிழ்ந்து இரண்டாவது தடவை கட்டிவிட்டேன். மூன்றாம் ஞாயிறும் அவர் வரவில்லை. "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். ஷிப்டாக இருக்கும் என்றேன். மனசுக்குள் வேறு சொன்னேன்.

அதற்கடுத்த மாதத்தில் ஒரு நாள், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, அவர் என் அறைக்கே வந்து கதவைத் தட்டினார். மகள் பின்கட்டில் டீச்சர் வீட்டுக் குழந்தைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவின் உள் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"புள்ளையை ஏன் கொண்டு வரலே?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"நீங்கதான் வரல."

"நான் வந்தேன். மணிக்கணக்கா நின்னேன்."

"பொய் சொல்லாதீங்க."

"கதவைத் திற. ஒரு நிமிஷம் அவளைப் பாத்துட்டுப் போறேன்."

நான் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சைக்கிள் ஸ்டாண்ட் எடுக்கும் சத்தம் கேட்டது. மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வாரண்ட் வந்தது.

அமீனாவும் நானும் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது நீதிபதி எழுந்துகொள்ளும் நேரம். என் வக்கீலுக்கு வருஷம் முழுவதும் சளி. கைக்குட்டையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடி வந்தார். நோட்டீஸே கிடைக்காதவளுக்குத் தண்டனையா என்றார். நீதிபதி வழக்குக் கட்டைப் பிரித்தார்.

"வீட்டுல ஆள் இல்லைன்னு கதவுல ஒட்டினதா ரிப்போர்ட் இருக்கே. எதிர்மனுதாரர் வரல. அவங்களைக் கேக்காமலே எக்ஸ்பார்ட்டி ஆர்டர் போட்டேன்."

"விலாசத்தைப் பாருங்கய்யா. அது மனுதாரர், இவங்க வீட்டுக்காரர் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ். இந்தம்மா அங்கேயிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு."

நீதிபதி விலாசத்தைப் பார்த்தார். மனுதாரரின் விலாசத்தைப் பார்த்தார். மறுபடி முதல் விலாசத்துக்கு வந்தார். இரண்டும் ஒன்றுதான். பேனாவைத் திறந்தார். பிறகு தண்டனையை நிறுத்தி வைத்து, என் கணவர் என் மேல் போட்ட மனுவின் நகலை அன்றைக்கே எனக்குத் தரச் சொல்லி, பதில் போட இரண்டு வாரம் வாய்தா கொடுத்தார். ஆஜராவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் வக்கீல் வழி சொன்னார்.

"நிபந்தனையில்லாம மன்னிப்புக் கேட்டு ஒரு அபிடவிட் போட்டுடுவோம். ஒரே வாய்தாவுல முடிஞ்சுடும்."

"எதுக்கு மன்னிப்பு?"

"எதுக்கா இருந்தா என்னம்மா? கோர்ட்டுக்கு அதுதான் பிடிக்கும். சண்டை போட்டா இழுக்கும்."

"நான் செஞ்சதுக்குக் கேக்கறேன் சார். செய்யாததுக்கு எப்படிக் கேக்கறது? முதல்ல என்ன செஞ்சேன்னு படிச்சுப் பாத்துக்கறேன்."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, உங்கள் இஷ்டம் என்றார். எனக்கு அது வீரமெல்லாம் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கத்தான் உடம்பு கேட்டது. ஆனால் யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்பது நெஞ்சில் முள் மாதிரி நின்றது. கேட்டுவிட்டுத் தண்டித்தால் தண்டித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

மனுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேதியோடு இருந்தன. அந்த நாட்களில் அவர் பத்திலிருந்து ஒரு மணி வரை பார்க் வாசலில் நின்றார். நான் குழந்தையைக் கொண்டு வரவில்லை. நான்காவதாக, கதவைச் சாத்தியது. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்றும் என் ஞாயிறுகளே இல்லை. ஒன்று ஐந்தாம் ஞாயிறு, மற்ற இரண்டும் அடுத்த மாதத்தின் இரண்டாவது, நான்காவது. நான் நின்ற நாட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இவ்வளவு துணிந்து பொய் எழுதுவாரா என்று உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்குள் என்ன இருந்தாலும் அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் இடித்தது.

பார்க் வாசலில் கூடையோடு பூ விற்கும் ஓர் அம்மாள் இருந்தார். பக்கத்துக் கிராமம், கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. நான் நின்றதற்கு அவர்தான் சாட்சி. மறுநாள் பள்ளி விட்டதும் போய்க் கேட்டேன்.

"ஆமாங்க, நீங்க பாப்பாவ வச்சிக்கினு நின்னீங்க. வெயில்ல நிக்காதீங்க, இப்படி நெழலுக்கு வாங்கன்னு நான்தானே கூப்ட்டேன்" என்றார். நார் கிழித்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கு மின்னாடி வாரமும் அடுத்த வாரமும் அந்த சைக்கிள்காரரு நின்னாரு. பிஸ்கட் பொட்டலம் ஒன்னு கைல வச்சிக்கினு, நீங்க வர்ற ரோட்டையே பாத்துக்கினு. ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் அவரு. மாத்தி மாத்தி."

"நீங்க ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"என்னங்க இது, யாரும் என்னைக் கேக்கலியே. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மூஞ்ச பாக்க இஷ்டமில்லாம மாத்தி வர்றீங்கன்னு நெனச்சிக்கினேன்."

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்து உத்தரவின் நகலை எடுத்தேன். அதில் முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு என்று எங்கேயும் இல்லை. ஒன்று விட்டு ஒரு ஞாயிறு என்றுதான் இருந்தது. மாதத்துக்கு நான்கு ஞாயிறு வந்தவரை இரண்டும் ஒன்றாகவே ஓடியிருக்கிறது. ஐந்து ஞாயிறு வந்த மாதத்தில் பிரிந்துவிட்டது. அவர் ஐந்தாவதில் நின்றார், பிறகு இரண்டாவதில், நான்காவதில். நான் முதலாவதில், மூன்றாவதில். ஒரே வாசலில், அடுத்தடுத்த வாரங்களில், ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அன்று மாலை மகள் வீட்டுப்பாடம் எழுதினாளா என்றுகூட நான் பார்க்கவில்லை.

வாய்தா அன்று பூக்கார அம்மாள் கூடை இல்லாமல், துவைத்த சேலையில் வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம், "அந்தக் கூண்டுல ஏத்துவாங்களா? எனக்கு மயக்கம் வந்துரும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோர்ட் வராந்தாவில் என்னவரும் உட்கார்ந்திருந்தார் என்று எழுத வருகிறது. அப்போதும் சட்டப்படி அவர் என்னவர்தான். மெலிந்திருந்தார்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் நீதிபதி முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"உங்க மேல என்ன புகார்னு தெரியுமா? நகல் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. படிச்சேன்."

"ஒவ்வொண்ணா படிக்கச் சொல்றேன். தமிழ்ல. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுங்க. சொல்ல இஷ்டமில்லைன்னா அதையும் சொல்லலாம்."

முதல் மூன்றுக்கும், நான் வேறு ஞாயிறுகளில் நின்றேன் என்று பதில் சொன்னேன். பிறகு என் கணவரைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

"இவங்க வேற இடத்துல குடியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். அங்கே போய்க் கதவைத் தட்டியிருக்கீங்க. மனுவுல ஏன் பழைய விலாசம்?"

"வக்கீல் ஆபீஸ்ல பழைய கட்டைப் பாத்து எழுதிட்டாங்க. நான் சரியாப் பாக்கலீங்க."

"நோட்டீஸை உங்க வீட்டுக் கதவுல ஒட்டினப்ப பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"என்ன செஞ்சீங்க?"

"எடுத்து அலமாரி மேல வச்சேன். கிழிக்கலீங்க."

"உங்க கதவுல ஒட்டினது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலை குனிந்திருந்தார். "எனக்குக் கோவமுங்க. புள்ளை மூஞ்சியைப் பாத்து மாசக்கணக்காச்சு. அவங்களும் ஒரு நாள் அவஸ்தைப்படட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

என்னால் அவரை வெறுக்க முடியவில்லை. அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

பூக்கார அம்மாள் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீல் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். "ரெண்டு பேருமே வந்தாங்க சாமி. பொய் சொல்ல எனக்கு என்ன இருக்குது? ஆனா ஒரே நாள்ல வரல. அந்தப் பாப்பாதான் ரோட்டையே பாத்துக்கினு நிக்கும்." எதிர்த்தரப்பு வக்கீல், தேதி தெரியுமா என்று மடக்கினார். "தேதி எனக்கு எங்கீங்க தெரியும்? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அது தெரியும்" என்றார்.

நீதிபதி தன் பழைய உத்தரவை எடுத்து வாய்க்குள் படித்தார். பிறகு என் வக்கீலிடம், "இவங்களுக்கு இதை யார் விளக்கினது?" என்றார். வக்கீல் கைக்குட்டையை எடுத்தார். பின்னால் நின்ற குமாஸ்தாவின் முகம் வெளுத்துப் போனது. நீதிபதி அதற்கு மேல் அவர்களைக் கேட்கவில்லை.

"மூணு ஞாயிறும் வேண்டுமென்றே மீறினதா எடுத்துக்க முடியாது. அந்த நாலாவது?"

வக்கீல் கோர்ட் வராந்தாவிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: கதவு சாத்தியிருந்ததற்குச் சாட்சி இல்லை, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுவார்கள். நான் வாய் திறந்தபோது அது வரவில்லை.

"அன்னிக்கு நான் தாழ்ப்பாள் போட்டேங்க. குழந்தை வீட்டுலதான் இருந்தா. அன்னிக்கு அவரோட நாள்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் வந்து நின்னேன்னு சொன்னார். நான் நம்பல. எப்போ நின்னீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். கேக்கல. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். மத்ததுக்கு இல்ல."

என் வக்கீல் நெற்றியைத் தடவினார். நீதிபதி எழுதினார், நெடுநேரம் எழுதினார். தண்டனை உத்தரவு ரத்து. நான்காவது குற்றச்சாட்டில் என் மன்னிப்பை ஏற்று, எச்சரிக்கையோடு முடித்தார். அவருக்கும் ஓர் எச்சரிக்கை. பழைய உத்தரவுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கான ஞாயிறுகளைத் தேதி போட்டு எழுதச் சொல்லி, பெஞ்சு கிளார்க்கை விட்டு எங்கள் இருவருக்கும் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். "புரிஞ்சுதான்னு கேட்டுக் கையெழுத்து வாங்குங்க" என்றார். எழுந்துகொள்ளும்போது எங்களைப் பார்க்காமல், "நானும் அந்த விலாசத்தைப் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பும்போது ஒரே பஸ்தான் இருந்தது. மூன்று பேர் சீட்டில் பூக்கார அம்மாள் நடுவில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் நான், அந்தப் பக்கம் அவர். முந்திரித் தோப்புகள் தாண்டியதும் அவர் கேட்டார்.

"புள்ளைக்குப் பல்லு விழுந்துச்சாமே?"

"முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு."

"வலிச்சுதா?"

"இல்ல. ஒண்ணு இட்லியோட சேத்து முழுங்கிட்டா."

அவர் சிரித்தார். அம்மாளும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சேர்ந்து வாழ்ந்துவிடலாம் என்று அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை. மூவருக்குமே அது தெரிந்திருந்தது. ஒருவேளை அம்மாளுக்குத் தெரியவில்லையோ என்னவோ, இறங்கும்போது, "வூட்டுக்குப் போயி ரெண்டு பேரும் பேசுங்க" என்றார். நாங்கள் தலையாட்டினோம். நெய்வேலியில் அவரவர் வீடு இருந்த வட்டத்துக்குப் போகும் சுரங்கக் கம்பெனி பஸ்களில் தனித்தனியாக ஏறினோம்.

விவாகரத்து வர இன்னும் மூன்று வருஷம் ஆனது. அதற்குள் எத்தனை வாய்தா போனேன் என்று கணக்கில்லை. ஆனால் ஞாயிறுகள் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆறு மாதம் முடிகிறபோதெல்லாம் அடுத்த ஆறு மாதத் தேதிகளை நாங்களே எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஆளுக்கொன்றில் மற்றவர் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். ஷிப்ட் மாறினால் அவர் முந்தின நாளே பள்ளிக்குச் சீட்டு அனுப்புவார். மகள் எட்டாவது வந்த பிறகு தானே சைக்கிளில் போய் வந்தாள்; சீட்டும் தேதியும் தேவைப்படவில்லை.

நியாயம் கிடைத்ததா என்று அந்த டீச்சர் சிநேகிதி பிறகு ஒரு முறை கேட்டாள். கிடைத்தது என்றேன். உண்மைதான். ஆனால் தீர்ப்பு வந்த அன்று மாலை மகளைக் கூட்டிக்கொண்டு அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மகள் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். தேதியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று சொல்லி, என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.